செகெத்தும் சாயுயரமும்: எகிப்தியக் கூம்பகக் கணக்குகளில் உயரம் பெற்ற இடம்

ஆய்வுச் சுருக்கம்

சதுர அடி கொண்ட கூம்பகத்தின் உயரம், சாயுயரம் ஆகிய இரண்டும் இன்றைய வடிவியலில் பிதாகரசு தேற்றத்தால் இணைக்கப்பட்டு, ஒன்று தெரிந்தால் மற்றொன்றைக் காணத்தக்க இணை அளவுகளாகக் கற்பிக்கப்படுகின்றன. எகிப்தின் ரைண்டு கணிதச் சுருளில் இடம்பெறும் கூம்பகக் கணக்குகள் அடிப்பக்கம், உயரம், 'செகெத்' எனும் சாய்வளவு ஆகிய மூன்றை மட்டுமே கையாளுகின்றன. சாயுயரம் அவற்றில் வினாவாகவும் இல்லை, விடையாகவும் இல்லை. இவ்வேறுபாட்டைக் கருதாமையால் 19ஆம் நூற்றாண்டில் இருவேறு விளக்கங்கள் தோன்றின. ஒன்று, சுருளின் 'உயரம்' என்னும் சொல்லைப் பக்கவிளிம்பு எனக் கொண்ட வாசிப்பு. மற்றொன்று, கிசாவின் பெரிய கூம்பகத்தில் பொன்விகிதம் திட்டமிட்டு அமைக்கப்பட்டது என்னும் கருத்து. இவ்விரண்டையும் மூலக் கணக்குகளின் துணைகொண்டு மதிப்பிடுவதோடு, கட்டுபவரின் கணிதமும் அளப்பவரின் கணிதமும் வெவ்வேறு தொடக்கங்களை உடையன என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: கூம்பகம், உயரம், சாயுயரம், செகெத், ரைண்டு கணிதச் சுருள், ஹீரோன், பொன்விகிதம்.

முன்னுரை

பழங்காலக் கணித நூல் ஒன்றை இன்றைய ஆய்வாளர் வாசிக்கும்போது, அதன் எண்களை முதலில் இன்றைய வாய்பாட்டில் இட்டுப் பார்ப்பது இயல்பு. விடை பொருந்தினால், அந்நூலாசிரியரும் அவ்வாய்பாட்டை அறிந்திருந்தார் என்னும் முடிவு எளிதில் எட்டப்படுகிறது. எண்கள் பொருந்துவது ஒரு செய்தி. அவ்வெண்களை எந்த வழியில் அடைந்தனர் என்பது மற்றொரு செய்தி. இரண்டும் ஒன்றாகக் கொள்ளப்படும்போது வரலாறு பிழைபடுகிறது.

கூம்பகத்தின் உயரமும் சாயுயரமும் இதற்குத் தக்க சான்றாகின்றன. பள்ளி வடிவியலில் இவை ஒரே செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்கள். எகிப்தியக் கணக்கர் இவ்விரண்டையும் சமமாக நோக்கினரா? எதைத் தொடக்கமாகக் கொண்டு எதைக் கண்டறிந்தனர்? பிற்கால விளக்கங்கள் இவ்வரிசையை எவ்வாறு மாற்றின? இவ்வினாக்களை முன்வைத்து இக்கட்டுரை அமைகிறது.

1. கூம்பகத்தின் கோடுகள்

ஆய்வுக்குள் புகுமுன் சொற்களை வரையறுத்துக்கொள்ளுதல் வேண்டும். சதுர அடியின் மேல் எழுந்து, அடியின் மையத்திற்கு நேர் மேலே ஒரு முனையில் கூடும் கூம்பகத்தில் மூன்று வெவ்வேறு கோடுகளைப் பேச்சுவழக்கில் 'உயரம்' எனச் சுட்ட இடமுண்டு. அடியின் மையத்திலிருந்து உச்சிக்கு எழும் செங்குத்துக்கோடு உயரம். அடிப்பக்கம் ஒன்றின் நடுப்புள்ளியிலிருந்து முகத்தின் வழியே உச்சிக்குச் செல்லும் கோடு சாயுயரம். பள்ளிப் பாடநூல்கள் கூம்புக்கு வழங்கும் இச்சொல்லே ஈண்டுக் கூம்பகத்திற்கும் கொள்ளப்படுகிறது. அடியின் மூலையிலிருந்து உச்சிக்குச் செல்லும் கோடு பக்கவிளிம்பு.

இவற்றின் தொடர்பு எளியது. உயரத்தின் வர்க்கத்தோடு அரை அடிப்பக்கத்தின் வர்க்கத்தைக் கூட்டினால் சாயுயரத்தின் வர்க்கம் கிடைக்கும். அதனுடன் அரை அடிப்பக்கத்தின் வர்க்கத்தை மீண்டும் ஒருமுறை கூட்டினால் பக்கவிளிம்பின் வர்க்கம் கிடைக்கும். கிசாவிலுள்ள கூஃபு மன்னனின் கூம்பகத்தைக் கொண்டு இவற்றின் அளவை உணரலாம். அதன் அடிப்பக்கம் ஏறத்தாழ 230.3 மீட்டர், தொடக்கத்தில் உயரம் ஏறத்தாழ 146.6 மீட்டர். எனவே சாயுயரம் ஏறத்தாழ 186.4 மீட்டராகவும், பக்கவிளிம்பு ஏறத்தாழ 219 மீட்டராகவும் அமைகின்றன. 'இக்கூம்பகத்தின் உயரம்' என ஒரு பழைய நூல் கூறுமாயின், மூன்று கோடுகளில் எது கருதப்பட்டது என்பதைப் பொறுத்து எண் 70 மீட்டருக்கு மேல் வேறுபடும்.

2. ரைண்டு சுருளின் கூம்பகக் கணக்குகள்

ஸ்காட்லாந்தைச் சேர்ந்த அலெக்சாண்டர் ஹென்றி ரைண்டு 1858இல் லக்சரில் வாங்கியதும், 1865இல் பிரித்தானிய அருங்காட்சியகத்தை அடைந்ததுமான கணிதச் சுருள் அவர் பெயரால் வழங்குகிறது. இக்சோசு மன்னன் அபோஃபிசின் 33ஆம் ஆட்சியாண்டில், ஏறத்தாழ கி.மு. 1550 அளவில், ஆமோசு என்னும் எழுத்தர் இதனைப் படியெடுத்தார். பன்னிரண்டாம் அரசமரபின் மூன்றாம் அமெனெம்ஹாத் காலத்து மூலத்திலிருந்து இது படியெடுக்கப்பட்டதாகச் சுருளின் முகப்பே கூறுகிறது. இதன் 56 முதல் 60 வரையிலான கணக்குகள் சாய்ந்த முகமுடைய கட்டடங்களைப் பற்றியவை.

56ஆம் கணக்கில் கூம்பகத்தின் அடிப்பக்கம் 360 முழம், உயரம் 250 முழம் எனத் தரப்பட்டு, அதன் செகெத் வினவப்படுகிறது. எழுத்தர் 360ஐப் பாதியாக்கி 180 பெறுகிறார். 250ஐ எதனால் பெருக்கினால் 180 வரும் என நோக்கி 1/2 + 1/5 + 1/50 எனக் காண்கிறார். ஒரு முழம் 7 கையகலம் ஆதலின் இதனை 7ஆல் பெருக்கி, 5 1/25 கையகலம் என்னும் விடையை எழுதுகிறார்.

செகெத் யாது என்பதை இவ்வழிமுறையே தெளிவாக்குகிறது. ஒரு முழம் மேலே செல்லும்போது முகம் எத்தனை கையகலம் உள்ளே ஒதுங்குகிறது என்னும் அளவே செகெத் ஆகும். இன்றைய முக்கோணவியலில் இது சாய்கோணத்தின் கோடேன்ஜெண்டுடன் ஒத்தது. ஆயினும் எழுத்தர் கோணத்தைக் கருதவில்லை. நெடுக்கில் ஒன்று, கிடையில் ஒன்று என இரு நீளங்களையே கருதினார். நெடுக்களவு முழத்திலும் கிடையளவு கையகலத்திலும் கூறப்படுவது, இவ்வளவு கட்டுமானக் களத்திலிருந்து வந்தது என்பதற்குச் சான்று. ஒரு முழ உயரமுள்ள முகப்புக்கல்லின் மேல்விளிம்பில் செகெத் அளவை உள்வாங்கிக் குறித்து, அப்புள்ளியைக் கீழ்விளிம்போடு இணைத்துவிட்டால், செதுக்க வேண்டிய சாய்வு கிடைத்துவிடும். சாய்ந்த கோட்டின் நீளத்தைக் கல்தச்சர் அளக்கத் தேவையில்லை.

57ஆம் கணக்கு திசையை மாற்றுகிறது. அடிப்பக்கம் 140 முழம், செகெத் 5 கையகலம் 1 விரல், உயரம் யாது? ஒரு கையகலம் 4 விரல் ஆதலின் இச்செகெத் 5 1/4 கையகலம் ஆகும். எழுத்தர் அதனை இரட்டித்து 10 1/2 பெறுகிறார். 7 என்பது 10 1/2இன் மூன்றில் இரு பங்கு. ஆகவே 140இன் மூன்றில் இரு பங்கான 93 1/3 முழமே உயரம். 58ஆம் கணக்கு இதே கூம்பகத்தின் உயரத்தைத் தந்து செகெத்தைக் கேட்கிறது. 59ஆம் கணக்கில் அடிப்பக்கம் 12 முழமும் உயரம் 8 முழமும் தரப்பட, செகெத் மீண்டும் 5 கையகலம் 1 விரல் என வருகிறது.

இவை வெறும் பயிற்சி எண்கள் அல்ல. கூஃபுவின் கூம்பகத்தை 440 முழ அடிப்பக்கமும் 280 முழ உயரமும் உடையதாகக் கொண்டால் செகெத் சரியாக 5 1/2 கையகலம். அடுத்து நிற்கும் காஃப்ரேயின் கூம்பகத்தின் சாய்வு ஏறத்தாழ 53 பாகை 10 கலை. இது 5 1/4 கையகலச் செகெத்துக்கு மிக அணுக்கமானது. சுருளின் எண்களும் களத்தின் சரிவுகளும் ஒரே மரபைச் சார்ந்தவை என்பது இதனால் தெளிவாகும்.

3. எழுதப்படாத 10

59ஆம் கணக்கு தனிக்கவனத்திற்குரியது. அடிப்பக்கம் 12 எனின் அரைப்பக்கம் 6, உயரம் 8. எனவே சாயுயரம் பின்னமேதும் இன்றிச் சரியாக 10 முழம். சாயுயரத்தில் எழுத்தருக்கு நாட்டம் இருந்திருப்பின், அதனை வினவுவதற்கு இதனினும் எளிய எண்கள் அமையா. ஆயினும் 10 என்னும் எண் அக்கணக்கில் எங்கும் எழுதப்படவில்லை.

கணக்கிடும் திறன் இல்லாமையால் விடப்பட்டது என இதற்கு விடை கூற இயலாது. பெர்லின் 6619 எனச் சுட்டப்படும் இடைக்கால அரசமரபுச் சுருளில் வரும் கணக்கொன்று, 100 சதுர முழப் பரப்பை இரு சதுரங்களாகப் பிரிக்கச் சொல்கிறது. ஒரு சதுரத்தின் பக்கம் மற்றதன் பக்கத்தில் முக்கால் பங்கு. வர்க்கமூலம் காணும் முறையைக் கையாண்டு பெறப்படும் விடைகள் 8, 6 என்பனவே. 6இன் வர்க்கமும் 8இன் வர்க்கமும் கூடி 10இன் வர்க்கம் ஆகும் என்னும் எண்தொடர்பு எகிப்தியக் கணக்கரின் கைக்கு எட்டியதே. எனினும் பெர்லின் கணக்கில் முக்கோணம் இல்லை, கூம்பகமும் இல்லை. ரைண்டு கணக்கில் கூம்பகம் உண்டு, வர்க்கங்கள் இல்லை. ஒரே எண்கள் இரு சுருள்களிலும் நிற்க, அவற்றை இணைக்கும் வரி இரண்டிலும் காணப்படவில்லை.

இதனைக் கொண்டு எகிப்தியர் சாயுயரத்தை ஒருபோதும் அறியவில்லை என முடிவு கட்டுதல் மிகை. எஞ்சிய கணிதச் சுருள்கள் சிலவே. ஆனால் கட்டுமானச் சாய்வைக் கணக்கிடும் முறையில் சாயுயரத்திற்கு இடமில்லை என்பது உறுதியாகக் கூறத்தக்கது. மாஸ்கோ சுருளின் 14ஆம் கணக்கும் இதற்கு இயைந்தே நிற்கிறது. உச்சி வெட்டப்பட்ட கூம்பகம் ஒன்றின் கீழ்ப்பக்கம் 4, மேற்பக்கம் 2, உயரம் 6 எனத் தந்து, கனஅளவு 56 எனச் சரியாகக் காணும் அக்கணக்கிலும் உயரம் தரப்பட்ட அளவாகவே வருகிறது. வேறொரு கோட்டிலிருந்து கண்டறியப்படவில்லை.

4. 'பெர்-எம்-உஸ்': உயரமா, விளிம்பா?

மேலே 'அடிப்பக்கம்', 'உயரம்' என்று கூறப்பட்டவை மூலத்தில் 'வெகா-தெபெத்', 'பெர்-எம்-உஸ்' என்னும் சொற்கள். இவற்றின் பொருள் தொடக்கத்தில் தெளிவாக இல்லை. 1877இல் சுருளை மொழிபெயர்த்து வெளியிட்ட அகஸ்ட் ஐசன்லோர், முன்னதை அடிச்சதுரத்தின் மூலைவிட்டம் எனவும் பின்னதைப் பக்கவிளிம்பு எனவும் கொண்டார். கணித வரலாற்றறிஞர் மோரிட்ஸ் கான்டரும் அவ்வழியே விளக்கினார். இவ்வாசிப்பின்படி செகெத் என்பது விளிம்புக்கும் மூலைவிட்டத்துக்கும் இடைப்பட்ட கோணத்தின் கொசைன் ஆகிவிடும்.

இவ்வாசிப்பைச் சரிவுகளை ஒப்பிட்டு மட்டும் மறுக்க இயலவில்லை என்பதே இதன் சிக்கல். 56ஆம் கணக்கில் 360ஐ அடிப்பக்கமாகவும் 250ஐ உயரமாகவும் கொண்டால் முகத்தின் சாய்வு ஏறத்தாழ 54.2 பாகை. 360ஐ மூலைவிட்டமாகவும் 250ஐ விளிம்பாகவும் கொண்டால் அது ஏறத்தாழ 53.7 பாகை. 59ஆம் கணக்கில் இவை முறையே 53.1, 51.3 பாகைகள். நான்குமே உண்மைக் கூம்பகங்களின் சரிவுகளுக்கு அருகில் நிற்கின்றன. எனவே 'விடை களத்தோடு பொருந்துகிறது' என்னும் வாதம் இரு தரப்பினர்க்கும் ஒப்பவே உதவியது.

தீர்வு வேறு வகைச் சான்றிலிருந்து வந்தது. ஃபிளிண்டர்ஸ் பெட்ரி மெய்தூமில் 17ஆம் எண் மஸ்தபாவின் மூலைகளில், கட்டடத்தின் அடிப்பகுதிக்கு வெளியே எழுப்பப்பட்ட குறிச்சுவர்களைக் கண்டறிந்து 1892இல் வெளியிட்டார். அவற்றில் முழ இடைவெளிகளில் கிடைக்கோடுகளும், நான்கு முழ உயரத்துக்கு ஒரு முழம் உள்ளொதுங்கும் சாய்கோடும் வரையப்பட்டிருந்தன. கட்டுநர் நெடுக்கு, கிடை ஆகிய இரண்டையுமே அளந்தனர் என்பதற்கு இது நேர்ச்சான்று. 1893இல் லுட்விக் போர்க்கார்ட் இச்சான்றைச் சுருளோடு இணைத்து, வெகா-தெபெத் அடிப்பக்கமே என்றும் பெர்-எம்-உஸ் செங்குத்துயரமே என்றும் நிறுவினார். 60ஆம் கணக்கில் 15 முழ அடியும் 30 முழ உயரமும் உடைய வேறொரு கட்டடம் வருகிறது. அதன் அரையடி 7 1/2. உயரம் அதன் நான்கு மடங்கு. மெய்தூம் சுவரில் வரையப்பட்ட சரிவும் இதுவே.

சொல்லின் பொருளை எண்பொருத்தம் தீர்க்கவில்லை; கட்டுநர் கோடு வரைந்த முறையே தீர்த்தது என்பது இவ்விவாதத்தின் பாடம்.

5. ஹெரோடோட்டஸின் கூற்றும் பொன்விகிதமும்

சாயுயரத்தை எகிப்தியக் கணக்கிற்குள் கொண்டுவந்த மற்றொரு முயற்சி இன்றும் பரவலாக வழங்குகிறது. ஹெரோடோட்டஸ் தம் வரலாற்றின் இரண்டாம் நூலில், பெரிய கூம்பகத்தின் ஒவ்வொரு பக்கமும் எட்டுப் பிளெத்ரம் என்றும் உயரமும் அதற்குச் சமம் என்றும் கூறுகிறார். பிளெத்ரம் 100 கிரேக்க அடி. இக்கூற்று செங்குத்துயரத்துக்குப் பொருந்தாது என்பது வெளிப்படை. அவர் கருதிய 'உயரம்' மூன்று கோடுகளில் ஒன்றாயின், 219 மீட்டர் நீளமுள்ள பக்கவிளிம்பே அடிப்பக்கத்திற்கு மிக அருகில் நிற்கிறது.

1859இல் ஜான் டெய்லர் என்னும் ஆங்கிலேயர் இக்கூற்றுக்கு வேறு பொருள் கண்டார். ஒவ்வொரு முகத்தின் பரப்பும் உயரத்தின் வர்க்கத்திற்குச் சமம் என்பதே ஹெரோடோட்டஸ் கேட்டறிந்த செய்தி என்பது அவர் துணிபு. முகத்தின் பரப்பு அரை அடிப்பக்கத்தையும் சாயுயரத்தையும் பெருக்கிக் கிடைப்பது. அது உயரத்தின் வர்க்கத்திற்குச் சமமாயின், சாயுயரத்திற்கும் அரைப்பக்கத்திற்கும் உள்ள விகிதம் பொன்விகிதமாகிய 1.618 ஆகவே இருத்தல் வேண்டும். பெரிய கூம்பகத்தில் பொன்விகிதம் உள்ளது என்னும் கூற்றின் வேர் இதுவே. ஹெரோடோட்டஸின் தொடரில் பரப்பைப் பற்றிய பேச்சில்லை, நீளங்களே கூறப்படுகின்றன.

ஆயினும் எண்கள் பொருந்துகின்றன. 220 முழ அரைப்பக்கமும் 280 முழ உயரமும் உடைய கூம்பகத்தின் சாயுயரம் ஏறத்தாழ 356.09 முழம். அதனை 220ஆல் வகுத்தால் 1.6186. பொன்விகிதத்தோடு வேறுபாடு பத்தாயிரத்தில் ஆறு அளவே. பொன்விகிதம் முற்றும் பொருந்த வேண்டுமாயின், உயரம் 280 முழத்திற்கு மாறாக ஏறத்தாழ 279.84 முழமாக இருக்கவேண்டும். இவ்வேறுபாடு 8 சென்டிமீட்டர். இன்று கூம்பகத்தின் உச்சிப்பகுதியில் ஏறத்தாழ 8 மீட்டர் இல்லை. கோணத்தில் வேறுபாடு ஒரு கலைக்கும் குறைவு. 1883இல் தம் அளவீட்டை வெளியிட்ட பெட்ரி, 51 பாகை 52 கலை என்னும் தம் முடிவுக்கு 2 கலை வரை பிழைவரம்பு தந்தார்.

ஆகவே எத்துணை நுண்ணிய அளவீடும் இவ்விரு கருதுகோள்களில் ஒன்றைத் தேர்ந்து தராது. தேர்வுக்கு எஞ்சி நிற்பது கணக்கு மரபே. 5 1/2 கையகலச் செகெத் என்பது எகிப்தியக் கணக்கர் எழுதிய வடிவிலேயே அமைந்த எளிய அளவு. மெய்தூம் கூம்பகத்தின் இறுதிச் சாய்வும் அதுவே. பொன்விகிதக் கருதுகோளோ சாயுயரத்தையும் அதனால் பெறப்படும் முகப்பரப்பையும் தொடக்கமாகக் கொள்கிறது. அத்தகைய தொடக்கத்திற்குக் கூம்பகக் கணக்குகளில் சான்றில்லை. 14க்கு 11 என்னும் நெடுக்கு-கிடை விகிதத்தைத் தேர்ந்தவர் எவர்க்கும், அவர் வேண்டினும் வேண்டாவிடினும், 1.6186 தானே வந்து வாய்க்கும்.

6. அளப்பவரின் கணிதம்

கட்டுபவர் உயரத்தைத் தாமே தீர்மானிக்கிறார். கட்டி முடிக்கப்பட்ட கூம்பகத்தின் முன் வந்து நிற்பவர்க்கு அந்த உயரமே கிட்டாத கோடு. அது கல்லுக்குள் மறைந்திருக்கிறது. கயிறு பிடித்து அளக்க இயலாது. அவர் அளக்கத்தக்கவை அடிப்பக்கமும் புறத்தே தெரியும் சாய்கோடுகளுமே.

தேலீஸ் நிழலைக் கொண்டு கூம்பகத்தின் உயரத்தை அளந்தார் என்னும் செய்தி டயோஜீனஸ் லயேர்ஷியஸ் வழியாக நமக்கு வருகிறது. தம் நிழல் தம் உயரத்திற்குச் சமமாகும் வேளையில் அவர் அளந்தார் என்பது கதை. இதனுள்ளும் மறைந்த கோடு ஒன்றுண்டு. கதிர் 45 பாகையில் அடிப்பக்கம் ஒன்றுக்குச் செங்குத்தாக விழும்போது, கூஃபு கூம்பகத்தின் நிழல் அடிவிளிம்புக்கு வெளியே 60 முழமே நீளும். எஞ்சிய 220 முழம் அரைப்பக்கமாகக் கட்டடத்தின் அடியிலேயே அடங்கும். அதனைக் கூட்டினாலன்றி 280 கிடைக்காது.

கணிதநூல் வடிவில் இம்மாற்றத்தைக் காட்டுபவை, எகிப்து மண்ணின் அலெக்சாந்திரியாவில் கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த ஹீரோனின் பெயரால் வழங்கும் கணக்குகள். 'ஸ்டீரியோமெட்ரிகா' தொகுப்பில் உச்சி வெட்டப்பட்ட சதுரக் கூம்பகத்தின் கீழ்ப்பக்கம் 10, மேற்பக்கம் 2, பக்கவிளிம்பு 9 எனத் தரப்பட்டு உயரம் காணப்படுகிறது. இரு பக்கங்களின் வேறுபாட்டில் பாதி 4. அதன் வர்க்கமாகிய 16ஐ இருமுறை 81இலிருந்து கழிக்க 49. அதன் மூலம் 7. இங்கு விளிம்பு தரப்பட்டது, உயரம் தேடப்படுவது. ரைண்டு சுருளின் வரிசை முற்றும் தலைகீழாகிறது.

இவ்வரிசைமாற்றம் ஒரு புதிய இடரையும் உடன் கொணர்ந்தது. நெடுக்கும் கிடையும் எவ்வளவாக இருப்பினும் அவற்றைக் கொண்டு ஒரு கூம்பகம் கட்டலாம். விளிம்பும் பக்கமும் அவ்வாறு தம் விருப்பப்படி தரத்தக்கன அல்ல. அதே தொகுப்பின் மற்றொரு கணக்கில் கீழ்ப்பக்கம் 28, மேற்பக்கம் 4, விளிம்பு 15. பக்க வேறுபாட்டில் பாதி 12. அதன் வர்க்கம் 144. 225இலிருந்து 144ஐ ஒருமுறை கழிக்க 81. மீண்டும் 144ஐக் கழிக்க வேண்டும். 81இலிருந்து 144ஐக் கழிக்க இயலாத இடத்தில், நம் கைக்கு வந்துள்ள பாடம் 144இலிருந்து 81ஐக் கழித்து 63இன் மூலத்தைக் காண்கிறது. கீழ்மூலைக்கும் மேல்மூலைக்கும் இடையே கிடைத்தொலைவே ஏறத்தாழ 16.97 ஆக இருக்க, 15 நீளமுள்ள விளிம்பு அவற்றை இணைக்க முடியாது. இத்தகைய கூம்பகம் உலகில் இல்லை. குறையெண்ணின் வர்க்கமூலம் தலைகாட்டிய மிகப் பழைய இடமாகக் கணித வரலாற்றாசிரியர்கள் இக்கணக்கைச் சுட்டுவர். செகெத் முறையில் கணக்கிட்டவர்க்கு இம்முட்டுப்பாடு நேர வழியே இல்லை.

முடிவுரை

இவ்வாய்வின் வழிப் பெறப்படும் கருத்துகள் வருமாறு.

எகிப்தியக் கூம்பகக் கணக்குகளில் உயரம் அடிப்படை அளவு. சாய்வு அதனொடு கிடையளவை ஒப்பிட்டுப் பெறப்படுவது. சாயுயரம் எண்ணளவில் எளிதாக வந்து நின்ற இடத்திலும் எழுதப்படவில்லை.

பெர்-எம்-உஸ் என்பதைப் பக்கவிளிம்பாகக் கொண்ட வாசிப்பும், பெரிய கூம்பகத்தில் பொன்விகிதத்தைக் கண்ட வாசிப்பும் ஒரே வகைப் பிழையின் இரு வடிவங்கள். இரண்டும் சாய்ந்த கோட்டைத் தொடக்க அளவாகக் கொண்டன. எண்பொருத்தத்தைச் சான்றாகக் கொண்டன. முன்னது மெய்தூம் சுவர்க்கோடுகளால் தள்ளப்பட்டது. பின்னதைக் கணக்கு மரபு ஏற்கவில்லை.

உயரத்தை விளிம்பிலிருந்து காணும் முறை அளப்பவரின் தேவையோடு இயைந்தது. அதனை ஹீரோன் மரபுக் கணக்குகளில் காண்கிறோம். பொருந்தா எண்கள் தரப்படும்போது எழும் முட்டுப்பாடும் அங்கேயே பதிவாகியுள்ளது.

ஒரு கணக்கில் எது தரப்பட்டது, எது கேட்கப்பட்டது என்னும் வரிசை, அக்கணக்கின் எண்களுக்கு இணையான வரலாற்றுச் சான்றாகும். இன்றைய வாய்பாடு உயரத்தையும் சாயுயரத்தையும் இருபுறமும் மாற்றிக்கொள்ளத்தக்க அளவுகளாக ஆக்கிவிடுவதால், அவ்வரிசையை அது மறைத்துவிடுகிறது. பழங்கணித மூலங்களைப் பதிப்பிப்போரும் விளக்குவோரும் விடையைச் சரிபார்க்குமுன் வினாவின் வரிசையைக் குறித்துக்கொள்வது இன்றியமையாதது.